ராஜா காதில் ஒரு கீறல்

அண்ணன் நாணய ஆல்பத்தை மேசைமேல் எறிந்தான்.

"அசல் காசையெல்லாம் எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?"

தங்கை வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "என்னடா ஆச்சு?"

"நாணயக் கடையில சும்மா காட்டினேன்பா. வெள்ளி விலைக்குத்தான் தேறும்னு கடைக்காரர் சிரிக்கிறார். இருபது வருஷமா இதைப் பார்த்துக்கிட்டவ இவதானே? போன மாசம் நீங்க எனக்குக் கொடுத்ததும் வயித்தெரிச்சல்ல மாத்திட்டா."

அப்பா அவள் பக்கம் திரும்பினார். "மூணு தலைமுறையா மூத்த மகனுக்குப் போற சேகரிப்பு. அதுலயா கை வச்ச?"

அவள் ஒரு வெள்ளிக் காசை ஓரம் பிடித்துத் தூக்கி, லென்ஸில் பார்த்தாள்.

"காசுல இருக்கற ராஜா காதுல கீறல் இருக்கு பாருங்க. ஒன்பது வயசுல நான் கீழ போட்டதுல விழுந்தது. அதுக்கு நீங்க அடிச்ச அடி எனக்கு மறக்கல. இது அதே காசுதான்." அண்ணனை முறைத்தாள். "எதை வச்சுத் தேய்ச்ச?"

"பற்பசை. எல்லாம் கன்னங்கரேல்னு இருந்துச்சு. பளபளன்னு இருந்தா கூட விலை வரும்னு..."

"நூறு வருஷமா தானா படிஞ்ச கறுப்பு அது. அதுக்குத்தான்டா மதிப்பே. தேய்ச்ச காசை எவனும் சீண்ட மாட்டான்."

"விலையா?" அப்பாவின் முகம் சிவந்தது. "சும்மா காட்டினேன்னு சொன்ன?"

அப்பா ஆல்பத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"இனிமே நீயே வச்சுக்கம்மா."

அவள் லென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மதிப்பு இருந்தப்ப மகனுக்கு. போனப்புறம் மகளுக்காப்பா?"