நெதர்லாந்து ராஜாவும் எங்கள் நைனாவும்

"முடிவெடுப்பது யார்?" என்று செல்போன் கேட்டது. ராஜா என்று அழுத்தினேன். தப்பு என்றது.

இந்தப் பரீட்சையில் தேறினால்தான் நெதர்லாந்தில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் போக முடியும். ராயபுரத்தில் உட்கார்ந்து அந்த ஊர் ராஜாவைப் படிப்பது என் தலையெழுத்து.

முடிவெடுப்பது மந்திரிகளாம். அவர்கள் எழுதிக் கொடுப்பதை ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து படிப்பாராம். பிடிக்காவிட்டாலும் படிப்பாராம். அப்புறம் எதற்கு ராஜா? மண்டை காய்ந்தது.

வாசலில் அண்ணன் அலெக்ஸாண்டர் நிலைகொள்ளாமல் நடந்தான். குப்பத்தில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை யாரும் கடலுக்குப் போகக் கூடாது. போன வாரம் இவன் போய்விட்டான். இன்று சாயங்காலம் தீர்ப்பு.

எங்களைப் பெற்ற நைனா அருள்பிரகாசம்தான் குப்பத்து நாட்டார், ஊர்த்தலைவர். வழிவழியாக வந்த பட்டம். மாதா திருவிழாவில் முதல் மாலை அவருக்குத்தான். பஞ்சாயத்துக் கமிட்டி கதவைச் சாத்திக்கொண்டு பேசும். உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்பது வெளியே வரக் கூடாது. தீர்ப்பு நாட்டார் வாயால்தான் வரும். இன்று மத்தியானமே பேசி முடித்திருந்தார்கள்.

நைனா சட்டையை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ராஜா படிக்க மாட்டேன்னு சொல்லக் கூடாதா ஷைனி?"

"கூடாதாம் நைனா."

தலையாட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவர் குரல் வந்தது. அலெக்ஸாண்டர் போட் ஒரு மாதம் கடலில் இறங்கக் கூடாது. இது நாட்டார் தீர்ப்பு. குரலில் பிசிறே இல்லை.

வீட்டுக்கு வந்தவரை அண்ணன் வழிமறித்தான். அவன் கைக்குழந்தை உள்ளே அழுதுகொண்டிருந்தது.

"மெய்யா சொல்லு நைனா, இது அந்த செல்வநாதன் வேலதானே?"

செல்வநாதன் கமிட்டிச் செயலாளர். ஒரு மாதம் கழித்து அவருடைய ஆட்கள் பக்கத்தில்தான் அண்ணன் வலை போட வேண்டும்.

"நான்தான்டா சொன்னேன். என்னாண்ட கோச்சிக்கோ."

அண்ணன் அவரை முறைத்துவிட்டு வெளியே போய்விட்டான். நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மத்தியானம் கமிட்டிக்கு டீ கொண்டுபோனவள் நான். கதவைத் திறந்தபோது, உட்கார்ந்திருந்த செல்வநாதன் முன்னால் நைனா கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

செல்போன் அதே கேள்வியை மறுபடி கேட்டது. மந்திரிகள் என்று அழுத்தினேன்.

சரி என்றது. எனக்கு ஏன் அழுகை வந்தது என்றுதான் புரியவில்லை.