கூப்பிட்ட குரலுக்கு

"எத்தனை தடவ பொத்தானை அமுக்கினேன் தெரியுமாம்மா? ஒருத்தனும் வரல!"

தரையில் கிடந்தவரைத் தூக்கிக் கட்டிலில் போடுவதற்குள் மகளுக்கு மூச்சு வாங்கியது. மூட்டை தூக்கித் தூக்கியே இடுப்பு விட்டுப்போன அப்பா. நனைந்திருந்த துணியை அவசரமாகப் போர்வைக்குள் மறைத்தார்.

"சும்மா சொல்றாருக்கா. அவருக்கு ஞாபகம் தப்புது" என்றான் தம்பி, கதவில் சாய்ந்தபடி. "காலையில கம்ப்யூட்டரைப் போட்டதும் நானே அமுக்கிப் பாத்தேன். டாண்ணு அடிச்சுது."

"எனக்கா ஞாபகம் தப்புது? எந்த லாரியில என்ன சரக்கு ஏத்தினேன்னு இன்னிக்கும் சொல்வேன்டா!"

அக்கா, தம்பி இருவருக்குமே நிரல் எழுதுவதுதான் பிழைப்பு. கட்டிலோரப் பொத்தானை அப்பா அமுக்கினால் தம்பியின் போன் அடிக்க வேண்டும். பொத்தான் அமுங்குகிறதா என்று காது கொடுத்திருக்கும் ஒரு குட்டி ஈவென்ட் லைப்ரரியை வைத்து அவனே எழுதியது.

"காட்டு அதை."

"நோண்டாதக்கா. எது எந்த வகைன்னு எல்லாத்துக்கும் டைப் குடுத்திருக்கேன். கொஞ்சம் பிசகினாலும், நிரலைச் சரிபாக்குற கம்பைலர் சிவப்புக் கோடு போட்டிருக்கும். கோடு இருக்கா பாரு."

கோடு இல்லைதான். வரி வரியாக இறங்கியவள் ஒரு சொல்லில் நின்றாள்.

"அட மடையா! 'ஆன்'னு எழுதினா ஒவ்வொரு தடவையும் கேக்கும். நீ 'ஒன்ஸ்'னு எழுதி வெச்சிருக்க. கம்ப்யூட்டரைப் போட்டதும் நீ அமுக்கின அந்த ஒரே ஒரு தடவ கேட்டுட்டுக் காதைப் பொத்திக்கும். அதுக்கப்புறம் பொழுதெல்லாம் மனுஷன் செவுத்தைத்தான் கூப்பிட்டிருக்காரு!"

"ரெண்டுக்கும் டைப் ஒண்ணுதானே. கம்பைலர் எப்படிச் சொல்லும்?"

"கம்பைலருக்கா இவர் அப்பா? பெத்தவருக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு சொன்ன வாய், எழுதின வரியை ஒரு தடவ திரும்பப் படிக்கலையா? ஈரத்துணியோட தரையில கிடந்தாருடா!"

அவள் அந்த ஒரு சொல்லை மாற்றி, நிரலை மறுபடி ஓடவிட்டாள்.

அப்பா அமுக்கினார். தம்பியின் கையில் போன் அடித்தது. மறுபடி அமுக்கினார். அடித்தது. இன்னொரு தடவை, வேண்டுமென்றே, அழுத்தி.

"கேக்குதாம்மா?"

"கேக்குதுப்பா. ஏதோ கை தவறி எழுதிட்டான், விடுங்க."

அடித்துக்கொண்டே இருந்த போனைத் தம்பி அவள் மடியில் போட்டான்.

"கை தவறியா? ராத்திரியெல்லாம் அமுக்குவாரு, இனிமே நீயே எந்திரி. முதல்ல 'ஆன்'னுதான்க்கா எழுதியிருந்தேன்."