ஊதுங்க

"ஊதுங்க."

அண்ணி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். லேத் பட்டறையிலிருந்து வந்த அண்ணன், கைக் கிரீஸைக்கூடத் துடைக்காமல் குனிந்து அவள் முகத்துக்கு நேரே ஊதினான்.

முகர்ந்து பார்த்தாள்.

"ம். உள்ள வாங்க."

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டு நாள் தங்கிப் போக வந்திருந்த தம்பிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன அண்ணி இது? குடியை விட்ட மனுஷனைத் தெருவே வேடிக்கை பார்க்க மோந்து பார்க்கறீங்க?"

"தினமும் நடக்கறதுதான் தம்பி. டீ ஆறுது, குடிங்க."

"தினமுமா! சந்தேகம்தான் அண்ணி ஒருத்தனை மறுபடி குடிக்க வைக்கும். செல்போன்ல ஒரு டாக்டர் புட்டுப் புட்டு வைக்கிறாரு."

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தான்.

"நாளைக்கு நீங்க வாசலுக்கே வரக் கூடாது. அண்ணன் தலைநிமிர்ந்து உள்ள வரட்டும்."

"அவரைக் கேளுங்க தம்பி."

"என்னண்ணே, சொல்லு!"

தம்பி முன்னால் அண்ணனுக்குக் கூச்சம். கொஞ்சம் சிரிக்கப் பார்த்தான்.

"அவன்தான் சொல்றானே... விட்டுடு."

மறுநாள் சாயங்காலம் அண்ணி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசியில் துணி இருந்தது. கால் மிதிக்கவில்லை. எழப் போனவளைத் தம்பி கையமர்த்தினான்.

பட்டறை விடும் நேரம் தாண்டிப்போனது. இருட்டின பிறகு கேட் கிறீச்சிட்டது.

"பாருங்க அண்ணி, இப்பத்தான் வீட்டுக்காரன் மாதிரி..."

தம்பி முடிக்கவில்லை. வாடை முந்திக்கொண்டு வந்தது. பின்னாலேயே, சுவரைப் பிடித்தபடி அண்ணன்.

"வெக்கமா இல்லை? ஒரே ஒரு நாள் உன்னை நம்பினோம்! உனக்காக அண்ணிகிட்ட சண்டை போட்டேனே, என்னைச் சொல்லணும்!"

"கத்தாதீங்க தம்பி," என்றாள் அண்ணி. அண்ணன் தோளைத் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இவனுக்கு நீங்கதான் சரி அண்ணி. இனிமே வாசல்லயே நிறுத்தி ஊதச் சொல்லுங்க!"

அண்ணன் தலையைத் தூக்காமலே பேசினான்.

"அவ எங்கடா சொன்னா? நான்தான் அவ கால்ல விழாத குறையா, தினமும் வாசல்ல நில்லுன்னு கேட்டேன். அவ நிப்பாங்கிற நினைப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அந்தக் கடையைத் தாண்டி வருவேன்... இன்னைக்குக் கடைகிட்ட வந்தப்போ, வாசல் காலின்னு ஞாபகம் வந்துடுச்சு."