முச்சந்திக் கோழி

“ஏனுங்கம்மா, அந்தக் கோழி செத்துப்போச்சுங்களா?”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்வதி கேட்டாள். பால் வாங்கப் போகிற வழியில் தினமும் இதே கேள்விதான். இந்த டீக்கடைக்காரி வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று ஞானசுந்தரிக்கு எரிச்சலாக வந்தது.

“சாகலை. காலையில ரெண்டு சொட்டு கஞ்சி முழுங்குச்சு” என்றாள்.

பார்வதியின் முகம் வாடிவிட்டது. பனிக்குள் இறங்கிப் போனாள்.

ஞானசுந்தரி மாரமங்கலத்தை விட்டு நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒண்டிக்கட்டை. வீட்டில் ஏதாவது உயிர் நடமாடட்டுமே என்று ஏற்காடு சந்தையில் இரண்டு கோழி வாங்கினாள். கூடையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், முச்சந்தியில் மூன்றாவதாக ஒன்று நின்றிருந்தது. கறுப்புக் கோழி, நல்ல வளர்த்தி. யாருடையது என்று பார்வதியின் கடையில் விசாரித்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் டீ கிளாஸைப் பார்த்தார்களே தவிர வாயைத் திறக்கவில்லை. சரி, நமக்கென்று வந்தது போலிருக்கிறது என்று தூக்கிக்கொண்டு நடந்தாள்.

புதுசாக வந்ததை மற்றவற்றோடு விடக் கூடாது என்று தனிக் கூடையில் கவிழ்த்து வைத்தது நல்லதாய்ப் போயிற்று. மறுநாளே அது தீனி எடுக்கவில்லை. பிறகு அதன் கழுத்து இடப்பக்கமாகத் திருகிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

டவுனில் மாட்டு டாக்டரிடம் கொண்டு போனாள். கழுத்தைப் பார்த்தால் கழிச்சல் நோய் மாதிரி இருக்கிறது, ஆனால் கழிச்சலே இல்லையே என்று அவர் குழம்பினார். அந்த நோய்க்கு வருமுன் ஊசி உண்டு, வந்த பின் மருந்து கிடையாது. மற்ற இரண்டுக்கும் ஊசி போட்டுவிட்டு, இதை அறுத்துப் புதைத்துவிடச் சொன்னார்.

அவளுக்கு மனசு வரவில்லை. மாரமங்கலத்தில் கடைசியாக அவள் பார்த்த பிரசவத்தில் குழந்தை அவள் கையிலேயே அடங்கிப் போனது. அந்தச் சூடு இன்னும் உள்ளங்கையில் இருந்தது. இன்னொரு உயிரைக் கையிலிருந்து விட அவளால் முடியாது. கோழியானால் என்ன?

சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், வேப்பிலை எல்லாம் அரைத்து உருட்டி அலகைத் திறந்து ஊட்டினாள். ஆறவைத்த வெந்நீரில் குளுக்கோஸ் கலந்து இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டாள். கழுத்து நிமிர்ந்து நிற்கப் பஞ்சு வைத்துப் பட்டை கட்டினாள். கூடைக்கு அடியில் சாக்கை மாற்றிச் சாம்பல் தூவினாள். குனிந்து குனிந்து செய்ததில் பிடரி பிடித்துக்கொண்டது. மலைக்குளிர் வேறு. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

ஒருநாள் பார்வதி வேலியைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டாள்.

“அம்மா, அது சுத்தி உட்ட கோழிங்க. எம்பையன் ராஜேந்திரனுக்குத் தலையச் சுத்தி முச்சந்தியில உட்டது. அதைப் பொழைக்க வெக்காதீங்க. சாமி சத்தியமா சொல்றேன், உட்டுருங்க.”

ராஜேந்திரன் சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்து, அங்கே கைவிடப்பட்டு மலைக்கே திருப்பி அனுப்பப்பட்டவன். என்ன நோய் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கோழி வந்த அந்த வாரத்தில்தான் அவன் எழுந்து கடைக்கு வந்திருந்தான்.

ஞானசுந்தரிக்கு இப்போது எல்லாம் விளங்கியது. கோழி பிழைத்தால் பிள்ளைக்கு நோய் திரும்பிவிடும் என்று பயம். அதற்காகத்தான் தினமும் சாவு விசாரிப்பு.

“உங்க பையனுக்கு ஒண்ணும் வராது பார்வதியக்கா. அதுக்காக ஒரு உயிரைக் கொல்லச் சொல்றீங்களா?”

பார்வதி எதையோ சொல்ல வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் கோழி தானாகவே பட்டையை உதறியது. கழுத்து நேராக நின்றது. சிந்திய கேழ்வரகைக் கொத்தித் தின்றது. ஞானசுந்தரி அழுதேவிட்டாள். அப்படியே அதை அணைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய், பெஞ்சின் மேல் இறக்கிவிட்டாள். ராஜேந்திரன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெம்பாக டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

“பாருங்க, கோழியும் நல்லாயிருக்கு, உங்க பையனும் நல்லாயிருக்கான். எங்கே திரும்பி வந்துச்சு?”

பார்வதி கோழியைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. ஞானசுந்தரியையே பார்த்தாள். கண்ணில் நீர் வழிந்தது.

“இவனுக்கு வராதுங்கம்மா. சுத்தி உட்டது உட்ட எடத்துக்குத் திரும்பாது. மூணு மாசம் இவன் எங்க மொகத்த நேராப் பாத்ததில்லைங்க, தல ஒரு பக்கமாவே நின்னுபோச்சு. அது கோழியோட போயிருக்கோணும். எடுத்து வெச்சுப் பொழைக்க வெக்கறவங்ககிட்டத்தான் அது போவும். வாயால சொன்னா பலிச்சுருமேன்னு சொல்லாம இருந்தேன். நொம்ப நல்லவங்க நீங்க, அதான் தெனமும் வந்து கேட்டேன்.”

ஞானசுந்தரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பேச்சா என்று வெளியே வந்து, டவுன் பஸ் வருகிறதா என்று இடப்பக்கம் பார்த்தாள்.

“நர்ஸம்மா, கோழிய உட்டுட்டுப் போறீங்களே” என்று பின்னாலிருந்து ராஜேந்திரன் கூப்பிட்டான்.

ஞானசுந்தரி தலையைத் திருப்பப் போனாள். கழுத்து வரவில்லை.