நிழலில் நிற்கிற வேலை

நரி ஒரு கருவாட்டுக் கடை வைத்திருந்தது. மூட்டை தூக்க ஒரு சேவல், முன்னால் நின்று விற்க ஒரு பெட்டைக்கோழி.

"உனக்கென்ன, நிழல்ல நிக்கிற வேலை. என் முதுகைப் பாரு" என்று சேவல் தினமும் குத்திக்காட்டும்.

அந்தக் கடைக்கு வாடிக்கையாக ஒரு பூனை வரும். பீப்பாயில் மேலே கிடக்கிற கருவாட்டைத் தொடவே தொடாது. "அடியில இருக்கறத எடு பாப்பா" என்னும். கோழி பீப்பாய்க்குள் தலையை விட்டுக் குனியும்போது, பூனை அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

கோழி முதலாளியிடம் போனது. "அந்தாளு பார்வை சரியில்லை முதலாளி. சேவல் அண்ணன் இங்க நிக்கட்டும், நான் மூட்டை தூக்கறேன். என்னால முடியும்."

நரிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இவன் கொண்டையைப் பாக்கவா ஆள் வருது? பொட்டச்சி நின்னாத்தான் யாவாரம். தினம் வாங்கற ஆளு, சிரிச்சுப் பேசி அனுப்பு."

சேவலும் சேர்ந்துகொண்டது. "சிரிச்சா என்ன, அலகா தேஞ்சிரும்?"

மறுநாளும் பூனை அடியில் இருப்பதைத்தான் கேட்டது. கோழி சிரித்துக்கொண்டே குனிந்தது.

பீப்பாயைச் சுற்றி இறகுதான் மிச்சம்.

நரி துடைப்பத்தைச் சேவலிடம் நீட்டியது. "கூட்டித் தள்ளு. உனக்கு ஒரு தங்கச்சி இருக்காள்ல? நாளைக்குக் கூட்டியா. இல்லேன்னா நீயும் கிளம்பு."

சேவல் இறகுகளை அள்ளிக் கொட்டியது. பொழுது சாய வீட்டுக்குப் போய்த் தங்கச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்தது. அதன் முகத்தைப் பார்க்காமலே சொன்னது:

"நிழல்ல நிக்கிற வேலைதான். சிரிச்சாப் போதும்."