வழிதவறிய உறைக்கு வந்த மவுசு

கப்பலில் அட்லாண்டிக் கடலைக் கடந்த இரண்டு பழைய தபால் உறைகள், ஒரு சேகரிப்பாளரின் ஆல்பத்தில் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று லிவர்பூலில் புறப்பட்டு நேராக பாஸ்டன் போய்ச் சேர்ந்தது. அதன்மேல் இரண்டே முத்திரைகள். மற்றது வழிதவறித் துறைமுகம் துறைமுகமாக அலைந்தது. அதன் உடம்பெல்லாம் முத்திரைகள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அலைந்த உறையைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். "அடடா, எத்தனை ஊர் சுற்றியிருக்கிறது! கிடைக்காத பொருள்!" என்றார்கள்.

நேராகப் போன உறைக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டது: "அதெல்லாம் சரி, உனக்குள்ளே இருந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தது?"

"ஒரு அம்மா மகனுக்கு எழுதியது. உடம்பு முடியவில்லை, உடனே புறப்பட்டு வா என்று."

"மகன் போனானா?"

"எங்கே போவது? நான் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைப் புதைத்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அதை விடு, இந்த மூலையில் இருக்கிற சிவப்பு முத்திரையைப் பார்த்தாயா?"



சில நாளில் வழிதவறிய இன்னொரு உறை சேகரிப்பாளருக்குக் கிடைத்தது. அதற்கு இடம் வேண்டுமே! நேராகப் போன உறையை உருவியெடுத்து, வெளியூர் நண்பருக்கு அனுப்புவதற்காகப் புதுப் பழுப்புக் கவருக்குள் போட்டு ஒட்டினார்.

தபால் பெட்டிக்குள் விழுந்ததும் பழுப்புக் கவர் ஆவலாகக் கேட்டது: "ஏங்க, ஆல்பத்திலிருந்தா வர்றீங்க? எனக்கும் அங்கே ஒரு இடம் பிடிக்கணும். எந்த ஊர்ப் பக்கம் வழிதவறினால் நல்லது?"

"பேசாமல் உன்மேல் எழுதியிருக்கிற வீட்டுக்குப் போய்த் தொலை!" என்று கத்தியது பழைய உறை.