நூறு வாட் அண்ணன்

"இந்த ஐம்பது வாட் பொடியனைக் கல்யாண மேடையில் ஏற்றினால் உன் மானம்தான் போகும்," என்று பக்கத்திலிருந்த சின்ன ஒலிபெருக்கியைக் காட்டிக் கிடாரிடம் உறுமியது நூறு வாட் ஆம்ப். "என் சத்தம் இவனைப்போல் இரண்டு மடங்கு."

"எங்கே, இரண்டு பேரும் கத்துங்கள்," என்றது கிடார்.

தொண்டை கிழியக் கத்தின.

சுவரிலிருந்த பல்லி கொஞ்சம் யோசித்தது. "பெரியவர் சத்தம் துளி கூடுதல். துளிதான்."

நூறு வாட்டுக்கு உடம்பெல்லாம் சுட்டது.

"அண்ணனுக்கு இடப்பக்கம் ஐம்பது, வலப்பக்கம் ஐம்பது. கூட்டி நூறு என்று நெற்றியில் எழுதிக்கொண்டார்," என்றது சின்னது. "அப்போ மேடை எனக்குத்தானே?"

"காது ஒத்துக்கொள்கிறது, தம்பி. ஆனால் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் நெற்றியைத்தானே பார்ப்பார்கள்?" என்றது கிடார்.

மேடையில் நூறு நெஞ்சை நிமிர்த்தி நின்றது. கிடார் அதன் சத்தக் குமிழைப் பத்துக்கு இரண்டில் வைத்துவிட்டுச் சுருதி சேர்க்கத் தொடங்கியது.